ஒட்டர்தால் பள்ளியில் நடந்தது: ஒரு வாத்தியாரின் வழக்கு

வியன்னாவுக்குத் தெற்கே, கீழ் ஆஸ்திரியாவின் மலைச்சரிவில் ஒட்டர்தால் என்று ஒரு சிற்றூர். 1926 ஏப்ரலில் அந்த ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர், பாடத்தில் பின்தங்கியிருந்த பதினொரு வயதுப் பையன் ஒருவனைத் தலையில் இரண்டு மூன்று முறை அடித்தார். பையன் அப்படியே மயங்கி விழுந்தான். ஆசிரியர் பதறிப்போய் வகுப்பைக் கலைத்து மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பையனைத் தலைமையாசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பக்கத்து ஊரான கிர்ச்பெர்கிலிருந்து மருத்துவர் வரவேண்டும். அதற்குள் செய்தி பரவிவிட்டது. அதே பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் வந்து வழியில் அவரைப் பிடித்துக்கொண்டார். தன் மகளும் முன்பு இவரிடம் அடி வாங்கியவள் என்ற கோபம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. நீ வாத்தியாரே இல்லை, மிருகங்களைப் பழக்குகிறவன் என்று திட்டிவிட்டு போலீசைக் கூப்பிட ஓடினார். காவல் நிலையத்தில் அப்போது ஆள் இல்லை. ஆசிரியர் அன்று இரவோடு ஊரை விட்டுப் போய்விட்டார். ஏப்ரல் 28 அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்.

அந்த ஆசிரியரின் பெயர் லுட்விக் விட்கென்ஸ்டைன். இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தில் அந்தப் பெயருக்கு உள்ள இடம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த ஆய்வு அந்தத் தத்துவத்தைப் பற்றியது இல்லை. 1920 முதல் 1926 வரை அவர் மலைக்கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார். அதற்கு முன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் முதல் உலகப் போரில் இருந்தார். நடுவே கிளாரினெட் என்ற ஊதுவாத்தியம் கற்றுக்கொண்டார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒட்டர்தாலில் நடந்தது புரியும். ‘போரில் மனம் உடைந்தவர், அதனால் அடித்தார்’ என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

சான்றுகள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. அக்காள் ஹெர்மினே எழுதிய நினைவுக்குறிப்பு இருக்கிறது. கிராமத்தில் நடந்த விவரங்களில் பெரும்பாலானவை, பழைய மாணவர்கள் நாற்பது ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்களிடம் சொன்னவை. முதுமையில் சொல்லப்படும் பள்ளி நினைவுகளில் வாத்தியார் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிவார். அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வீடும் போரும்

1889 இல் வியன்னாவில் பிறந்தவர். தகப்பனார் கார்ல் ஆஸ்திரியாவின் எஃகுத் தொழிலில் பெரும் புள்ளி. வீட்டுக்கு இசையமைப்பாளர் பிராம்ஸ் வந்துபோவார். அண்ணன் பவுல் பியானோ கலைஞர். போரில் வலது கையை இழந்த பின்பும் இடது கையால் மட்டுமே மேடையில் வாசித்தவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கென்று எழுதிய கச்சேரிப் படைப்பு பவுல் கேட்டு எழுதப்பட்டதுதான். இப்படிப்பட்ட வீட்டில் லுட்விக்குக்குச் சிறுவயதில் எந்த வாத்தியமும் வராது. விசில் அடிப்பார், நீண்ட இசைத் தொடர்களைக்கூடத் தவறாமல் அடிப்பார். போருக்கு முன் கேம்பிரிட்ஜில் படித்தபோது நண்பர் டேவிட் பின்சென்ட் பியானோ வாசிக்க, ஷூபர்ட்டின் பாடல்களை இவர் விசிலில் அடித்ததாகச் செய்தி உண்டு. அந்த வீட்டில் இசை என்றால் அளவுகோல். சுமாராக வாசிப்பவருக்கு அங்கே இடமில்லை.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் தானாகப் போய்ப் படையில் சேர்ந்தார். குடலிறக்கம் இருந்ததால் அவருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு இருந்தது, போகவேண்டிய கட்டாயமே இல்லை. முதலில் விஸ்துலா ஆற்றில் ‘கோப்லானா’ என்ற கப்பலில் தேடுவிளக்கு இயக்கும் வேலை. பிறகு பீரங்கிப்படையின் பட்டறையில். 1916 இல் கிழக்கு முனைக்குப் போனதும், இருப்பதிலேயே ஆபத்தான இடமான கண்காணிப்பு மேடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாவுக்கு அருகில் நின்றால் வாழ்க்கையின் வெளிச்சம் கிடைக்கலாம் என்று நாட்குறிப்பில் எழுதினார். குண்டு விழும்போது அவர் அமைதியாக இருந்தது கூட இருந்தவர்களுக்குத் தெம்பாக இருந்தது என்று மேலதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். வீரத்துக்கான வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன. 1918 ஜூனில் இத்தாலிய முனையில் காட்டிய துணிவுக்காகத் தங்கப் பதக்கத்துக்கும் பரிந்துரைத்தார்கள். கிடைத்தது அதைவிடச் சற்றுக் குறைந்த விருது.

போர் முனைக்குப் போகும் வழியில் டார்னோவ் நகரத்துப் புத்தகக் கடையில் தால்ஸ்தோய் எழுதிய சுவிசேஷச் சுருக்கம் கண்ணில் பட்டது. அதைக் கையோடு கொண்டுதிரிந்ததால் சிப்பாய்கள் அவரைச் ‘சுவிசேஷக்காரர்’ என்று கூப்பிட்டார்கள். எளிய உழைப்பாளி மக்களோடு வாழ்வதே நேர்மையான வாழ்வு என்ற எண்ணம் அதில் வேர்பிடித்தது. பின்னால் கிராமத்துக்குப் போனதற்கும், போன இடத்தில் ஏமாந்ததற்கும் மூலம் இதுதான் என்பது என் கருத்து. தால்ஸ்தோயின் குடியானவர்களைத் தேடிப் போனார். அங்கே இருந்தவர்கள் நிஜக் குடியானவர்கள்.

1918 நவம்பர் தொடக்கத்தில் இத்தாலியர்களிடம் பிடிபட்டார். மான்டே காசினோ முகாமில் லுட்விக் ஹென்செல் என்ற ஆசிரியர் நண்பரானார். ஆசிரியராகும் முடிவு அங்கேதான் உறுதியானது. பாதிரியாராக விருப்பம், ஆனால் ஆசிரியராக இருந்தாலும் பிள்ளைகளோடு சுவிசேஷம் படிக்கலாமே என்று உடனிருந்த கைதி ஒருவரிடம் சொன்னாராம். வீட்டார் செல்வாக்கைப் பயன்படுத்தி முன்கூட்டியே விடுதலை வாங்கப் பார்த்தபோது, மற்றவர்களுக்கில்லாத சலுகை தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1919 ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

திரும்பியதும் செய்த முதல் காரியம், தன் பங்குச் சொத்து முழுவதையும் அக்காள்கள் ஹெர்மினே, ஹெலனே, அண்ணன் பவுல் ஆகிய மூவருக்கும் எழுதிக்கொடுத்தது. ஐரோப்பாவின் பெரிய சொத்துகளில் ஒன்று அது. பத்திரம் எழுதியவர், இது பணத்தால் செய்துகொள்ளும் தற்கொலை என்று புலம்பினார். செப்டம்பரில் வியன்னாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். முப்பது வயதில், பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆசிரியராகிறவருக்கு ஏதாவது ஒரு வாத்தியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கிளாரினெட் பழகியது இந்தக் காலத்தில்தான். 1920 ஜூலையில் சான்றிதழ் கிடைத்தது. கோடையில் க்ளோஸ்டர்நாய்புர்க் மடத்தில் தோட்டவேலை செய்தார். முதலில் கிடைத்த பள்ளியின் ஊரில் பூங்காவும் நீரூற்றும் இருந்ததால், இது எனக்கு ஒத்துவராது, அசல் பட்டிக்காடு வேண்டும் என்று சொல்லி டிராட்டன்பாக் என்ற மலைக்கிராமத்தைப் பிடித்தார்.

வகுப்பறை

அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெறும் அடிக்கிற வாத்தியாராக இருந்திருந்தால் இதை ஆராயவே வேண்டியதில்லை.

பாடப்புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பது அவரிடம் கிடையாது. பிள்ளைகளைக் கேள்வி கேட்டே விடையை அவர்கள் வாயிலிருந்து வரவழைப்பார். செத்த பூனை ஒன்றை எடுத்துச் சுத்தம் செய்து, எலும்புகளைப் பிள்ளைகளைக் கொண்டே கோத்து எலும்புக்கூடு செய்தார். நீராவி இயந்திரத்தின் மாதிரியைச் செய்ய வைத்தார். வியன்னாவுக்குக் கூட்டிப்போவார். ஷோன்ப்ருன் விலங்குக்காட்சி, தொழில்நுட்ப அருங்காட்சியகம், கட்டடங்கள் என்று காட்டி, வகுப்பில் சொன்ன கட்டடப் பாணிகளை நேரில் அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்வார். திரும்பும்போது குளோக்னிட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, இருட்டில் காட்டுவழியே மணிக்கணக்காக நடை. வழியில் கல்லையும் செடியையும் காட்டிப் பெயர் கேட்பார். ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தில் செலவே வைக்கமாட்டார். ஹெர்மினே ஒருமுறை வகுப்பைப் பார்க்கப் போனார். விடை சொல்ல முந்திக்கொண்டு பிள்ளைகள் ஏறக்குறைய மேலே ஏறி விழுந்தார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார்.

டிராட்டன்பாக்கில் கம்பளி ஆலை ஒன்று இருந்தது. அதன் நீராவி இயந்திரம் நின்றுபோனது. பொறியாளர்கள் பார்த்துக் கைவிட்ட பிறகு, விட்கென்ஸ்டைன் போய்ச் சுற்றிப் பார்த்தார். நாலு பேரை நாலு இடத்தில் நிறுத்தி, தான் சொல்லும் தாளத்தில் மாறி மாறிச் சுத்தியலால் தட்டச் சொன்னார். இயந்திரம் ஓடியது. ஊரில் இதைக் கடைசிவரை அதிசயமாகப் பேசினார்கள். இளமையில் பெர்லினிலும் மான்செஸ்டரிலும் பொறியியல் படித்தவர் என்பது ஊருக்குத் தெரியாது. சம்பளமாகப் பணம் வாங்க மறுத்து, ஆலையில் நெய்த துணியை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு.

இது ஒரு பக்கம். தினமும் காலையில் முதல் இரண்டு மணிநேரம் கணக்கு. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா. புரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். புரியாதவர்களுக்குக் காதில் அறை, தலைமயிரைப் பிடித்து இழுப்பு. ஒரு பெண்ணுக்குக் காதுக்குப் பின்னால் ரத்தம் வந்தது என்று பழைய மாணவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த ஊர்களில் வாத்தியார் அடிப்பது ஒன்றும் புதிதில்லை. குறும்பு செய்த பையன் காதில் வாங்கினால் பெற்றோர் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு பெண்பிள்ளையை, அதுவும் அல்ஜீப்ரா வரவில்லை என்பதற்காக அடிப்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெற்றோருக்கு வேறு மனத்தாங்கலும் இருந்தது. கெட்டிக்காரப் பையன்களைப் பள்ளி முடிந்த பிறகும் மாலை வெகுநேரம் வரை வைத்துக்கொண்டு பாடம் சொன்னார். அந்த நேரத்தில் அந்தப் பையன்கள் வயலிலும் மாட்டுக்கொட்டகையிலும் தேவைப்பட்டார்கள். டிராட்டன்பாக்கில் ஒரு ஏழைப் பையனை வியன்னாவில் படிக்கவைக்க முயன்றார். பையனே களைத்துப்போய் விலகி ஆலை வேலைக்குப் போய்விட்டான். ஒட்டர்தாலில் ஒரு பையனைத் தத்தெடுக்கவே கேட்டார். பைத்தியக்கார மனுஷன் என்று தகப்பனார் மறுத்துவிட்டார். இவர் பெரிய பணக்காரராமே, வேண்டுமென்றே ஏழையாக இருக்கிறாராமே என்ற பேச்சும் பரவியிருந்தது. ஏழைகள் நடுவே விரும்பி ஏழையாக வாழ்பவரை ஏழைகள் சந்தேகப்படுவது இயல்புதான்.

1920 இல் நண்பர் பால் எங்கெல்மானுக்கு எழுதிய கடிதத்தில் பள்ளி வேலை மகிழ்ச்சியாக இருக்கிறது, அது எனக்கு மிகவும் தேவை என்றார். ஒரே ஆண்டில் தொனி மாறிவிட்டது. 1921 அக்டோபரில், மனிதர்கள் எங்குமே அவ்வளவாகத் தேறமாட்டார்கள், டிராட்டன்பாக்கில் இன்னும் மோசம் என்று எழுதினார். இத்தனைக்கும் அந்த ஊர்ப் பாதிரியார் நாய்ருரர் அவருக்கு நல்ல நண்பர்.

பியானோ அறை

1922 இல் ஹாஸ்பாக் என்ற ஊருக்கு மாறி, சில வாரங்களிலேயே அங்கிருந்தும் கிளம்பி, புக்பெர்க் வந்து சேர்ந்தார். ஒருநாள் பள்ளியின் இசை அறையில் யாரோ பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா வாசிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். வாசித்தவர் இளம் ஆசிரியர் ருடால்ஃப் கோடர். அன்றிலிருந்து ஏறக்குறைய தினமும் பிற்பகலில் கிளாரினெட்டும் பியானோவுமாகச் சேர்ந்து வாசித்தார்கள். பிராம்ஸும் லாபோரும் எழுதிய கிளாரினெட் சொனாட்டாக்கள், மொசார்ட் கிளாரினெட்டோடு சேர்த்து ஐந்து வாத்தியங்களுக்கு எழுதியதைப் பியானோவுக்கு மாற்றியது என்று. ஊர்ப் பாடகர் குழுவிலிருந்த நிலக்கரித் தொழிலாளி ஒருவரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். பின்னாளில் விட்கென்ஸ்டைன் குடும்பம் அவருக்கு வேலை கொடுத்தது.

இசைதான் கிராமத்தில் அவருக்குச் சமமான மனிதர்களைத் தேடிக்கொடுத்தது. அந்த அறையில் கோடரோ நிலக்கரித் தொழிலாளியோ அவருக்கு மாணவர்கள் இல்லை. புக்பெர்க்கில் அவர் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார் என்று கடிதங்களிலும் நண்பர்கள் சொன்னதிலும் தெரிகிறது. கோடர் நட்பு 1951 இல் விட்கென்ஸ்டைன் இறக்கும் வரை தொடர்ந்தது. இசை அவர் கையைக் கட்டுப்படுத்தியது என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை. தலைமயிரை இழுத்த அதே கைதான் கிளாரினெட்டும் பிடித்தது.

1923 செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் இளைஞர் ஃபிராங்க் ராம்சே புக்பெர்க் வந்து இரண்டு வாரம் தங்கினார். விட்கென்ஸ்டைன் போரின்போது எழுதி முடித்து 1921 இல் வெளியான ‘டிராக்டேட்டஸ்’ என்ற தர்க்க நூலை வரிவரியாக விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பள்ளி முடிந்து வந்த களைப்பிலும் விட்கென்ஸ்டைன் தினமும் பல மணிநேரம் விளக்கினார். வெள்ளையடித்த சின்ன அறை, ஒரு கட்டில், கைகழுவும் மேசை, ஒரே ஒரு கட்டை நாற்காலி என்று ராம்சே வீட்டுக்கு எழுதினார்.

ஒட்டர்தாலும் அகராதியும்

1924 இல் ஒட்டர்தால். கோடர் இப்போது பக்கத்தில் இல்லை. ஆனால் ஆசிரியப் பணியில் அவர் செய்த உருப்படியான காரியம் இங்கேதான் நடந்தது. பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் நல்ல அகராதி அப்போது இல்லை. எனவே வகுப்பிலேயே பிள்ளைகளைத் தாங்கள் பயன்படுத்தும் சொற்களைத் தொகுக்கச் செய்து, அதிலிருந்து தொடக்கப்பள்ளிகளுக்கான அகராதி ஒன்றை உருவாக்கினார். 1925 ஏப்ரலில் எழுதிய முன்னுரையில், எழுத்துப்பிழைக்கு மாணவனே பொறுப்பேற்க வேண்டும், அதற்கு அவன் கையில் அகராதி இருக்கவேண்டும் என்று வாதிடுகிறார். சொற்களை முழுக்க அகரவரிசையில் வைத்தால் ஒரே வேரிலிருந்து வருபவை பிரிந்துபோகும், சேர்த்து வைத்தால் பிள்ளைக்குத் தேடத் தெரியாது என்ற சிக்கலை மிகப் பொறுமையாக அலசியிருக்கிறார். ஆஸ்திரிய வட்டார வழக்குப் பேசும் பிள்ளை எங்கே தடுமாறும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தர்க்க நூலைத் தவிர அவர் வாழ்நாளில் வெளிவந்த ஒரே புத்தகம் இந்தச் சிறிய அகராதிதான். வெளிவந்தது 1926 இல், அவர் ராஜினாமா செய்த அதே ஆண்டு.

தடுமாறும் பிள்ளையின் சிரமத்தை இவ்வளவு நுட்பமாக யோசித்தவர், அந்தப் பிள்ளை எதிரில் நின்றபோது ஏன் பொறுமை இழந்தார்? வழக்கின் மையமே இந்தக் கேள்விதான்.

போரைக் காரணம் காட்டுவது எளிது. நண்பர் பின்சென்ட் 1918 மே மாதம் விபத்தில் இறந்தார். அண்ணன் குர்ட் போரின் கடைசி நாட்களில் தற்கொலை செய்துகொண்டார். இதெல்லாம் மனிதரை நொறுக்கும். ஆனால் பின்சென்ட் போருக்கு முன்னாலேயே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், 1912 லும் 1913 லும் சேர்ந்து பயணம் போனபோது சின்ன விஷயத்துக்கெல்லாம் லுட்விக் எரிந்து விழுவார், பிறகு வருந்துவார் என்று. ஆக, கோபம் போருக்கு மூத்தது. போர் சேர்த்தது வேறொன்று என்று நினைக்கிறேன். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு நல்லது, ஆபத்தில்தான் மனிதன் திருந்துவான் என்ற நம்பிக்கை. கண்காணிப்பு மேடையைத் தானே கேட்டு வாங்கியவருக்கு அது சரி. அல்ஜீப்ராவைக் கேட்டு வாங்காத பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. கூடவே பிறந்த வீட்டின் அளவுகோல், சுமாராக எதையும் செய்யக்கூடாது என்பது. அந்த வீட்டில் அவருடைய அண்ணன்மார் மூன்று பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த அளவுகோலோடு கிராமத்து வகுப்பறைக்குப் போனால், பாதி வகுப்பு தினமும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது. டிராட்டன்பாக்கிலிருந்தே புகார்கள் இருந்தன. மேலே இருந்தவர்கள் அவருடைய திறமையைப் பார்த்துக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ராஜினாமாவை வாங்கிய மாவட்டக் கல்வி ஆய்வாளர் வில்ஹெல்ம் குண்ட் கூட, கொஞ்சநாள் ஓய்வெடுங்கள், அவசரப்படாதீர்கள் என்றுதான் சொன்னார். நல்ல வாத்தியார் என்ற பெயர் கண்ணை மறைத்துவிட்டது.

விசாரணையும் அதற்குப் பிறகும்

1926 மே மாதம் குளோக்னிட்ஸில் விசாரணை நடந்தது. நீதிபதி மனநலப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். வழக்கு தீர்ப்பு வரை போனதற்குப் பதிவு இல்லை. குடும்பத்தின் பணமும் செல்வாக்கும் அமுக்கிவிட்டது என்று பலர் ஊகித்திருக்கிறார்கள். அது ஊகம்தான். அந்தப் பையன் ஏற்கெனவே நோஞ்சான், சில ஆண்டுகளில் நோயால் இறந்துவிட்டான். அடியால் இறந்தான் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

விட்கென்ஸ்டைன் ஹூட்டல்டார்ஃப் மடத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். ஜூனில் தாயார் இறந்தார். பிறகு வியன்னாவில் அக்காள் ஒருவருக்கு வீடு கட்டும் வேலையில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1929 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் திரும்பினார். பிற்காலத் தத்துவத்தில் பிள்ளை சொல்லைக் கற்பது, சொல்லிக்கொடுப்பது, பழக்குவது என்று திரும்பத் திரும்ப வருவதைக் கிராமப் பள்ளியோடு இணைக்கிறவர்கள் உண்டு. ஓரளவு நியாயம்தான். ஆனால் அதை வைத்து ஒட்டர்தாலுக்குக் கணக்கு நேர்செய்யப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அடி வாங்கிய பிள்ளைகள் யாரும் தத்துவத்துக்காக அடி வாங்கச் சம்மதித்தவர்கள் இல்லை.

விசாரணையில், தான் எந்த அளவுக்குப் பிள்ளைகளை அடித்தார் என்பதை அவர் மறைத்துப் பேசினார். இது நமக்குத் தெரிவது அவர் வாயாலேயே. 1936 இன் கடைசியிலும் 1937 இன் தொடக்கத்திலும் ஜி. ஈ. மூர், ஃபானியா பாஸ்கல் போன்ற நண்பர்களிடம் தன் குற்றங்கள் என்று ஒரு பட்டியலை ஒப்புக்கொண்டார். பள்ளியில் அடித்ததும் அதுபற்றிப் பொய் சொன்னதும் அதில் இருந்தன. கேட்டவர்கள் சிலர் நெளிந்தார்கள். பாஸ்கலுக்கு அந்தச் சடங்குத்தனம் எரிச்சலாகவே இருந்தது.

நண்பர்களிடம் சொன்னதோடு நிற்கவில்லை. பத்தாண்டு கழித்து ஒட்டர்தாலுக்கே போய், தான் அடித்த பிள்ளைகளின் வீடுகளில் ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர்கள் இருபது வயதைத் தாண்டியவர்கள். சிலர் பெரிய மனதோடு பேசினார்கள். ஒரு வீட்டில், காதையும் மயிரையும் பிடித்து இழுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, அந்தப் பெண் அலட்சியமாக ‘சரி, சரி’ என்று மட்டும் சொன்னாள். 1926 இல் போலீசைக் கூப்பிட ஓடிய தகப்பனாரின் மகள் அவள்.